எட்டா, நூற்றைம்பதா, ஆயிரத்தைந்நூறா? தொடருக்கு எவ்வளவு நீளம் சரி

கதை தயார். ஒன்லைன், அதாவது ஒரு வரிக் கதைச்சுருக்கம், பிடித்துவிட்டது, யாரிடம் கொண்டுபோவது என்பதும் ஓரளவு தெரியும். அடுத்து, எத்தனை எபிசோட்? பெரும்பாலும் இதற்குச் சேனலே பதில் சொல்லிவிடும், எழுதுகிறவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். ஆனால் பிறகு கதை கெடுவதும் பிழைப்பதும் இந்த எண்ணால்தான். மற்ற நாடுகளில் எந்த நீளம் எதற்காக வந்தது, அதில் எது நமக்குச் செல்லும் என்று பார்த்துவைத்துக்கொண்டு பேச உட்காருவது நல்லது.

முதலில் ஒரு கணக்கு. எபிசோட் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எல்லாவற்றையும் நிமிடமாக மாற்றுங்கள். பிரிட்டனில் 6 அரைமணி எபிசோட் சேர்ந்தால் ஒரு சீரிஸ், அதாவது 3 மணி நேரம். அமெரிக்க நெட்வொர்க் சேனலின் ஒரு சீசன் 22 எபிசோட், விளம்பரம் போக 42 நிமிடம் வீதம் 15 மணி சொச்சம். கொரியாவின் 16 எபிசோட், ஒன்று 65 நிமிடம் என்றால் 17 மணி சொச்சம். 1983-84இல் ஜப்பானில் வந்த 'ஓஷின்' 297 எபிசோட். கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் ஒன்று 15 நிமிடம்தான். மொத்தமே 74 மணி நேரம். துருக்கியில் ஒரு எபிசோடே 2 மணி நேரத்தைத் தாண்டும் என்பதால் 36 வாரம் ஓடிய ஒரே சீசன் ஓஷினை விடப் பெரிதாகிவிடும். நம் சன் டிவியில் 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' 1533 எபிசோட். விளம்பரம் போக 21 நிமிடம் வைத்தாலும் 536 மணி. ஏழு ஓஷின்.

இந்த எண்கள் எதையும் கதை முடிவுசெய்யவில்லை. பணம் எந்த வழியில் வருகிறதோ அது முடிவுசெய்தது. அது தெரியாமல் "கொரியாக்காரன் 16-இல் முடிக்கிறான், நாம் ஏன் இழுக்கிறோம்" என்று கேட்பதில் பயனில்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே நெட்வொர்க் கொடுக்கும் உரிமத்தொகை தயாரிப்புச் செலவை முழுதாக ஈடுகட்டாது. தயாரிப்பு நிறுவனம் நஷ்டத்தில் ஓட்டி, பிறகு மறுஒளிபரப்பு உரிமையை உள்ளூர் ஸ்டேஷன்களுக்கு விற்று எடுக்கும். அந்த ஸ்டேஷன்கள் வாரம் 5 நாள் வரிசையாகப் போடும். 100 எபிசோட் இருந்தால் 20 வாரம் திரும்பப் போடாமல் ஓட்டலாம். அதனால்தான் 100 என்பது அங்கே அவ்வளவு பெரிய இலக்கு, 100-வது எபிசோடுக்குக் கேக் வெட்டுவது அதற்காகத்தான். 22 வீதம் ஐந்தாவது சீசனில் அந்த எண்ணைத் தொடலாம். நடிகர்களோடு பொதுவாக ஆறேழு வருட ஒப்பந்தம் போடுவார்கள்; அது முடிந்த பிறகு சம்பளம் எகிறும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் கடைசி 2 சீசன்களில் ஆறு பேருக்கும் ஆளுக்கு எபிசோடுக்கு 10 லட்சம் டாலர். ஓடுகிற தொடரைக்கூட ஒரு கட்டத்தில் நிறுத்தவைப்பது பல சமயம் இந்தச் செலவுதான்.

அந்த நீளத்துக்கு ஏற்ற கதைகள் ஒரு வகைதான்: வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு நோயாளி. 1999இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்: எஸ்வியு' இன்றும் ஓடுவதற்குக் காரணம், அதில் முடிக்கவேண்டிய பெரிய கதை என்று ஒன்று கிடையாது. இதற்கு நேர்மாறாக ஒரே பெரிய மர்மத்தை வைத்துக்கொண்டு வந்தது 'லாஸ்ட்'. மூன்றாவது சீசனில் கதை அதே இடத்தில் சுற்றியது; எப்போது முடியும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாதபோது எந்த முடிச்சை அவிழ்ப்பது? 2007 மே மாதம் சேனல் அதற்கு முடிவுத் தேதி கொடுத்தது: இன்னும் 48 எபிசோட், 2010இல் கடைசி. எழுத்துக் குழுவே கேட்டு வாங்கிய தேதி அது. அதன் பிறகு கதை நகர்ந்த வேகம் வேறு. கடைசி எபிசோடைப் பிடிக்காதவர்கள்கூட இந்த வேகத்தை மறுக்கமாட்டார்கள்.

பிரிட்டனில் 6 என்பது எழுதுகிற ஆளை ஒட்டி வந்தது. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதுவார்கள். அமெரிக்கா மாதிரி பத்துப் பேர் கொண்ட எழுத்தறை கிடையாது. பிபிசிக்கு டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் பணம் வருவதால் 100 எபிசோட் சேர்க்கவேண்டிய அவசரமும் இல்லை. 'ஃபால்டி டவர்ஸ்' 1975இல் 6, 1979இல் 6. அவ்வளவுதான். 'தி ஆஃபீஸ்' பிரிட்டனில் 12 எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியும். அதையே அமெரிக்காவில் 2005 முதல் 2013 வரை 201 எபிசோடாக எடுத்தார்கள். இங்கே கவனிக்கவேண்டிய விஷயம், நீளம் மாறியதும் மேனேஜர் பாத்திரமே மாறவேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மேனேஜர் பார்க்கவே கூசுகிற ஆள். 6 மணி நேரம் தாங்கலாம். அமெரிக்காவில் முதல் சீசன் 6 எபிசோடில் அதே ஆளை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது சீசனிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் வெள்ளந்தித்தனம், கொஞ்சம் பாசம் எல்லாம் சேர்த்தார்கள். 70 மணி நேரம் வீட்டுக்குள் வரப்போகிற ஆளை யாரும் வெறுத்துக்கொண்டே இருக்கமாட்டார்கள். உங்கள் கதாநாயகன் எந்த ரகம் என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பிரிட்டனை வைத்துக் "குறுகியதுதான் தரம்" என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு ஒன்று: 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' இன்றும் அதே ஊரில்தான் ஓடுகிறது. அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

16-உம் அதன் சிக்கலும்

கொரியாவின் 16 என்பது வாரம் 2 இரவு, 8 வாரம். திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன், சனி-ஞாயிறு என்று ஸ்லாட் பிரிப்பார்கள். தரைவழிச் சேனல்களில், அதாவது ஆன்டெனாவிலேயே கிடைப்பவற்றில், நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போட 2021 வரை அனுமதி இல்லை. அதனால் காட்சிக்குள்ளேயே பொருளை வைத்துக் காசு பார்த்தார்கள். காதலர்கள் எப்போது பார்த்தாலும் ஒரே சாண்ட்விச் கடையில் உட்கார்ந்திருப்பது இந்த வழக்கத்தால்தான். பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் முழுக் கதையையும் எழுதுவார். முன்பெல்லாம் 4 எபிசோட் கையில் இருக்கும்போதே ஒளிபரப்பைத் தொடங்கி, மீதியை ஓடஓட எழுதி, அன்று எடுத்ததை அன்றே வெட்டி ஒட்டி அனுப்புவார்கள். 2018இல் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்பு வந்த பிறகும், ஓடிடி வந்த பிறகும் முழுதாக எடுத்து முடித்துவிட்டு வெளியிடுவது பெருகியது. 16 பல இடங்களில் 12 ஆனது.

இந்த வடிவத்தின் பலவீனம் 11 முதல் 14 வரை. காதல் கைகூடியிருக்கும், வில்லன் அடையாளம் தெரிந்திருக்கும், முடிக்க இன்னும் 4 மணி நேரம் மிச்சம். உடனே ஒரு விபத்து, ஒரு நினைவிழப்பு, "உன் நன்மைக்காகப் பிரிகிறேன்" என்று ஒரு வெளிநாட்டுப் பயணம். உங்கள் கதையில் நடுவில் ஒரு பெரிய உண்மை வெளிவந்து, அதன் பிறகு கதை வேறு திசையில் போகுமானால் 16 எடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ஜப்பான் வழக்கம் உத்தமம்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் தொடங்கி ஒரு காலாண்டு, வாரம் ஒன்று, 10 அல்லது 11 எபிசோட். வருடத்தை 13 வாரமாக நான்காக வெட்டும் கணக்கு அது. நம் தூர்தர்ஷன் 13 எபிசோடாக அனுமதி கொடுத்ததும் இதே கணக்குதான்.

8 எபிசோட் வெப் தொடருக்கு இங்கே இப்போது மவுசு. தளம் மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும், டிஆர்பி தொல்லை இல்லை, 45 நிமிட எபிசோடை 8, 10 நாள் நிதானமாக எடுக்கலாம். ஆனால் எழுதுகிறவருக்கு வருமானம் அதோடு நின்றுவிடும். 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தக் குட்டி சீசன்களும் ஒரு காரணம். இன்னொரு தொல்லை, இரண்டாவது சீசன். 'சுழல்' முதல் சீசன் 2022 ஜூனில் வந்தது, அடுத்தது 2025 பிப்ரவரியில். 'ஸ்க்விட் கேம்' 2021 செப்டம்பரிலிருந்து 2024 டிசம்பர் வரை காக்கவைத்தது. 2016இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 5 சீசனை முடிக்க 2025 ஆகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளாக வந்தவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். ஆகவே 8-ஐத் தேர்ந்தெடுத்தால், அந்த 8-க்குள் மையக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அடுத்த சீசனுக்கு அவிழாத ஒரு நூலிழை போதும். 6-க்குப் போதுமான கதையை 8-ஆக இழுத்தால் நாலாவது, ஐந்தாவது எபிசோடில் போலீஸ் ஜீப் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள்.

நாலு மணி நேரம் ஒரே தொடர்

துருக்கியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டியது வேறு. அங்கே செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை வாரம் ஒரு எபிசோட், 120 முதல் 150 நிமிடம். ஒரு சினிமாவை வாரத்துக்கு ஒன்று எடுப்பது போல. விளம்பரத்தோடு சேர்த்தால் இரவு 8 மணிக்கு உட்கார்ந்தவர் நள்ளிரவுக்குத்தான் எழுந்திருப்பார். இரண்டு தொடர் தயாரிப்பதை விட ஒன்றையே நீட்டினால் அந்த இரவின் விளம்பர நேரம் முழுவதையும் குறைந்த செலவில் நிரப்பிவிடலாம். ஏற்றுமதி செய்யும்போது அதையே 45 நிமிடத் துண்டுகளாக வெட்டி மூன்று எபிசோடாக விற்பார்கள். லாபம் இரண்டு பக்கமும். அடிவாங்குவது உழைப்பாளிகள். 2010 டிசம்பரில் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் இந்த நீளத்தை எதிர்த்து இஸ்தான்புல் தெருவில் இறங்கினார்கள். ஆனாலும் அதன் பிறகு நீளம் கூடத்தான் செய்தது. வசனமில்லாமல் இருவர் பார்த்துக்கொண்டே இருப்பது, கடற்கரையில் நடப்பது, அதற்கு முழுப் பாட்டு என்று நிமிடம் நிரப்பப்படும்.

சீனாவில் இந்த நிரப்பல் அரசே தலையிடும் அளவுக்குப் போனது. எபிசோட் கணக்கில் விலை பேசுவதால் 70, 80 என்று ஏறிக்கொண்டிருந்த தொடர்களுக்கு 2020 பிப்ரவரியில் ஒளிபரப்பு ஆணையம் 40 என்று வரம்பு சொல்லி, 30-க்குள் எடுப்பதை ஊக்குவிப்பதாகவும் அறிவித்தது. விளைவு என்ன? மிகச்சரியாக 40-இல் நிற்கும் தொடர்கள் வரிசையாக வந்தன. உச்சவரம்பு வைத்தால் அதுவே இலக்காகிவிடும்.

நம்மிடம் இல்லாத நடுநீளம்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது லத்தீன் அமெரிக்க டெலிநாவெலா. தினமும் வரும், குடும்பக் கதைதான், அழுகையும் சதியும் நம்மூர் அளவுக்குக் குறையாது. ஆனால் முடியும். பிரேசிலின் குளோபோ சேனலில் திங்கள் முதல் சனி வரை, ஏழெட்டு மாதம். 2012இல் வந்த 'அவெனிடா பிரசில்' 179 எபிசோட். கடைசி எபிசோட் அன்று அப்போதைய அதிபர் தில்மா ரூசெஃப் கலந்துகொள்ளவிருந்த தேர்தல் கூட்டத்தின் தேதியை மாற்றினார்கள். கூட்டத்துக்கு ஆள் வராது என்று. முடியும் தேதி எல்லோருக்கும் தெரியும் என்பதால் கடைசி வாரமே திருவிழா ஆகிவிடுகிறது, விளம்பர விலையும் அங்கேதான் உச்சம். நம் மெகா சீரியல்களில் கடைசி வாரம் பெரும்பாலும் டிஆர்பி தேய்ந்த பிறகு வருவது. ஜெயிலுக்குப் போகிறவர் போக, திருந்துகிறவர் திருந்த, எல்லோரும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோவுக்கு நிற்பார்கள்.

அங்கேயும் ஓடஓடத்தான் எழுதுகிறார்கள். மக்களுக்கு யாரைப் பிடிக்கிறது என்று பார்த்துப் பாத்திரத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் உண்டு. மாறாதது முடிவுத் தேதி மட்டும். காரணம், அடுத்த நாவெலாவின் படப்பிடிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்.

ஒரே கதை நீளத்துக்கு ஏற்ப என்னவாகிறது என்று பார்க்க 'பெட்டி' (Betty) நல்ல உதாரணம். 1999 முதல் 2001 வரை கொலம்பியாவில் 335 அரைமணி எபிசோடாக வந்த அழகில்லாத செக்ரட்டரியின் கதை. அமெரிக்காவில் 4 சீசன், 85 எபிசோட். இந்தியில் 2003 முதல் 2006 வரை 'ஜஸ்ஸி ஜெய்ஸி கோயி நஹி', 500-ஐத் தாண்டியது. மூலக்கதையில் அவள் தோற்றம் மாறுவது முடிவை நெருங்கும்போது. இந்தியில் அது நடந்த பிறகும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ அது முடிந்துவிட்டால் மிச்சத்துக்குப் புதுப்புதுக் குழப்பங்களைக் கொண்டுவரத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் இந்தியாவின் முதல் பெரிய தொடரே டெலிநாவெலா வழியில் பிறந்ததுதான். மெக்சிகோவின் மிகெல் சபிதோ எடுத்த சமூகக் கல்வி நாவெலாக்களைப் பார்த்துத்தான் 1984இல் தூர்தர்ஷன் 'ஹம் லோக்'கைத் தொடங்கியது. 150 எபிசோடைத் தாண்டி, 1985இல் முடித்தும்விட்டார்கள். பிறகு தனியார் சேனல் வந்து, ஸ்லாட்டை வாடகைக்கு எடுத்து விளம்பரம் பிடிக்கும் முறை வந்து, செட் போட்ட செலவை எத்தனை எபிசோடில் பரத்துகிறோமோ அத்தனை லாபம் என்றானதும் முடிவு காணாமல் போனது.

முடிவில்லாமல் ஓட்டுவதையே தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒரு கட்டுமானம் வேண்டும். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டின் நாயகன் ஒரு தெரு. மதுக்கடையும் முனைக்கடையும் இருக்கும். ஆட்கள் வருவார்கள், போவார்கள், சாவார்கள். நம் தொடர்களோ ஒரு கதாநாயகியின் மேல் நிற்பவை. அவருக்குச் சினிமா வாய்ப்பு வந்தாலோ கல்யாணம் ஆனாலோ ஒருநாள் திரையின் அடியில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று பட்டை ஓடும். புது முகம் நேற்றைய அழுகையை அதே புடவையில் தொடரும். வீட்டில் இருப்பவர்கள் யாரும் அதிர்ச்சி அடைவதுபோல் தெரியாது. பார்க்கிற பாட்டிதான் இரண்டு வாரம் புலம்புவார். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று காலமானார். வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்து உழைத்தார். இருந்தாலும் ஒரு குரலை, ஓர் உடல்மொழியை நம்பி எழுதிய கதைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வருடங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும்.

சரி, உங்கள் கதைக்கு எது? ஒரு தாளில் பின்வாங்க முடியாத திருப்பங்களை மட்டும் எழுதுங்கள். அடுத்த வாரம் சமாதானமாகிவிடும் சண்டை கணக்கில் வராது. சாவு, கல்யாணம், ரகசியம் உடைவது, வீடு கைமாறுவது போன்றவை வரும். வெப் தொடருக்கு எபிசோடுக்கு ஒன்று வேண்டும், ஆக 8 முதல் 10. கொரிய நீளத்துக்கு 16 முதல் 20. தினத்தொடருக்கு வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை விழவேண்டும். 12 வந்தது என்றால் தினத்தொடர் பக்கமே போகாதீர்கள். 25 வந்தால் வாரம் 6 நாள், 26 வாரம், 156 எபிசோட் என்று கேளுங்கள். 21 நிமிடக் கணக்கில் சுமார் 55 மணி நேரம். தமிழில் குடும்பக் கதைக்கு இதுதான் சரியான நீளம் என்பது என் தீர்மானம். 40, 50 திருப்பம் வருகிறது, அதுவும் மூன்று குடும்பங்களில் பரவி வருகிறது என்றால் மட்டும் ஒரு வருடத்துக்குப் பேசலாம்.

சேனல் இதற்குச் சொல்லும் மறுப்பு எளிது: "156-இல் செட் காசு வராது." அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். ஒரே வீட்டுச் செட்டை அடுத்தடுத்த இரண்டு தொடருக்கு வடிவமைக்கலாம். கூடத்தையும் சமையற்கட்டையும் அப்படியே வைத்து முகப்பையும் நிறத்தையும் மாற்றினால் போதும். 6 மாதத்துக்கு மொத்தக் கால்ஷீட் கேட்டால், வருடக்கணக்கில் கட்டுப்பட மறுக்கும் நல்ல நடிகர்கள் கிடைப்பார்கள். முதல் ஒளிபரப்புக்கு முன் 24 எபிசோட், அதாவது 4 வாரம், கையிருப்பு வைத்திருங்கள். நாளுக்கு ஓர் எபிசோட் எடுக்கும் குழு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும். 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றதும் சீக்கிரமே எல்லாச் சேனலிலும் பழைய எபிசோடுகள் ஓடியது நினைவிருக்கும்.

டிஆர்பி ஏறினால் நீட்டச் சொல்வார்கள், அது நிச்சயம். கொரியாவிலும் பிரேசிலிலும்கூடச் சொல்வார்கள். ஒப்பந்தத்திலேயே 12 எபிசோட், அதாவது 2 வாரம் வரை என்று எழுதிவையுங்கள். நீட்டுவதா இல்லையா என்பது 100-வது எபிசோட் ஒளிபரப்பாவதற்குள் எழுத்தில் வரவேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்த 2 வாரத்தை 110-க்கும் 120-க்கும் இடையில், துணைப் பாத்திரங்களில் ஒருவரின் கதையாகச் சேர்க்க முடியும். கிளைமாக்ஸுக்கு முந்தைய வாரத்தில் வந்து கேட்டால், வில்லி மாட்டிக்கொண்டு தப்பி, மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி தப்புவாள்.